உங்களுக்குத் தெரியுமா? புள்ளி வந்த கதை

● பனையோலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். எழுத்தாணி கூரானது, ஓரிடத்தில் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துவிடும். அதனால் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமும் விடுவதில்லை. சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னரும் மீட்டார்கள் என்பது மரபு. கரையான் தின்றது போக மிஞ்சிய அந்த ஏடுகளும் இப்படித்தான் இருந்திருக்கும். பாட்டு என்பதால் படிக்க முடிந்தது. எதுகையும் சீரும் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். மீதியைப் பாடம் கேட்ட காது பார்த்துக்கொள்ளும்.

● ஏட்டில் ‘ர’ எழுத்தும் துணைக்காலும் ஒரே வடிவம். ‘சரபம்’ என்று எழுதியிருப்பதைச் ‘சாபம்’ என்றும் படிக்கலாம். இந்தத் தொல்லையைப் பதிவு செய்தவர் உ.வே.சாமிநாதையர். ஏடு ஏடாகத் தேடி அலைந்த அந்தப் பெரியவர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அந்தக் கல்லூரியும் அதில் சேர்ந்தது.

● தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளை முறையாகப் புகுத்தியவர் என்று போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). சிதம்பரத்துக்கு அவர் செய்தது கொஞ்சமல்ல. 1864-இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். பீட்டர் பெர்சிவலோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். ஆங்கில அச்சுப் புத்தகம் வாசகனை எப்படி நிறுத்தி நிறுத்தி அழைத்துப்போகிறது என்பதை அங்கே கிட்டத்தில் பார்த்திருக்கிறார். பிறகு சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து, தில்லையில் சேக்கிழார் பாடியதாக மரபு சொல்லும் பெரியபுராணத்தை 1852-இல் வசனமாக வெளியிட்டார். செய்யுளுக்கு யாப்பே நிறுத்தம் சொல்லும். வசனத்தில் அந்தத் துணை கிடையாது; அங்கே புள்ளியும் கோடும்தான் வழி காட்ட வேண்டும். இன்று நாம் தடங்கலின்றி நாளிதழ் வாசிப்பதில் நாவலரின் உழைப்பு இருக்கிறது. பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒற்றை வரி ஒதுக்குவது போதவே போதாது.

● காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. இந்தப் பெயர்களே ஒரு கணக்கு. பள்ளி இலக்கணத்தில் காற்புள்ளிக்கு 1 மாத்திரை, அரைப்புள்ளிக்கு 2, முக்காற்புள்ளிக்கு 3, முற்றுப்புள்ளிக்கு 4 மாத்திரை நிறுத்தம். மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த பைசாந்தியத்து அரிஸ்டோபானஸ், கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஏடுகளில் இதே வேலையைச் செய்தார். வரியின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில் புள்ளி. உயரத்தைப் பொறுத்து நிறுத்தத்தின் நீளம்.

● அரைப்புள்ளியை முதலில் அச்சில் ஏற்றியவர் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ், காலம் 1490-கள். தமிழில் எச்சங்களை அடுக்கி நீளமாக எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இப்போது எல்லாவற்றுக்கும் காற்புள்ளியே போதும் என்று ஆகிவிட்டது. வருத்தமாக இருக்கிறது.

● கடலூர், சிதம்பரம் பக்கத்தில் தாத்தா காலத்துப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தேதி எழுதிய இடத்தில் ஆண்டுக்குப் பின்னால் ௵, மாதத்துக்குப் பின்னால் ௴, நாளுக்குப் பின்னால் ௳ என்று சுழித்திருக்கலாம். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺. மேற்படிக்கு ௸, இதைத்தான் பத்திர எழுத்தர்கள் ‘ஷை’ என்று எழுதிப் பழகினார்கள், ‘ஷையார்’ என்றால் மேற்படியார். கணக்குப்பிள்ளையின் கை வேகத்தில் பிறந்த சுருக்கங்கள் இவை. விசைப்பலகையில் # இருக்கும் இடத்தில் ௺ இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இந்த எட்டுக் குறிகளும் 2003-இல் யூனிகோடு 4.0 பதிப்பில் சேர்ந்தன. இன்று எந்தக் கைப்பேசியிலும் தெரியும். 2019-இல் வந்த 12.0 பதிப்பு மேலும் 51 தமிழ்க் குறிகளுக்கு இடம் கொடுத்தது. மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் அவற்றில் உண்டு. ஏட்டில் ஒரு பகுதி முடிந்ததும் போடும் முடிவுக்குறியும் உண்டு. ஆக, முற்றுப்புள்ளி வருவதற்கு முன்பே முடிவைக் காட்ட நம்மிடம் ஒரு குறி இருந்தது.

● ₹ குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அவர் பிறந்த 1978-இல் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகர் கடலூர். மத்திய அமைச்சரவை அந்தக் குறியை ஏற்ற நாள் 2010 ஜூலை 15.

● புதுமைப்பித்தன் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25. ஜெயகாந்தன் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில், 1934 ஏப்ரல் 24. ஒரே ஊர், பிறந்தநாளும் அடுத்தடுத்து. புதுமைப்பித்தனிடம் வாக்கியம் வெட்டுண்டு நிற்கும்; சொல்லாமல் விட்டதை இடைக்கோடும் முப்புள்ளியும் சொல்லும். ஜெயகாந்தனிடம் உணர்ச்சிக்குறி தாராளம். அவருடைய மாந்தர்கள் உரக்கப் பேசுகிறவர்கள், அவர்களுக்கு அது பொருந்தும். இளமையில் கட்சி அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கையால் அறிந்தவர்.

● விசைப்பலகையில் மிக நீளமான விசைக்கு எழுத்தே கிடையாது. அது இடைவெளி விசை. ‘பலகை உடைந்தது’ என்றால் தச்சரைக் கூப்பிடலாம். ‘பல கை உடைந்தது’ என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெளியையே தெய்வமாக வணங்கும் சிதம்பரத்தாருக்கு இடைவெளியின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

● 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றது தமிழ்99 விசைப்பலகை. அதில் மெய்ப்புள்ளிக்கு உரியது ஆங்கில எஃப் விசை. விரலால் தடவினால் அந்த விசையில் சிறு மேடு தட்டுப்படும். இடக்கைச் சுட்டுவிரல் கண் பார்க்காமலே வந்து நிற்கும் இடம் அது. ஷிஃப்டோடு அழுத்தினால் ஆய்தம். ‘அக்கா’ எழுதப் புள்ளியைத் தொடவே வேண்டாம்: ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவது தானே மெய்யாகிவிடும். ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்ற இணைகளுக்கும் அதே வசதி. பிள்ளைகளுக்கு ஆங்கில ஒலிபெயர்ப்பில் தமிழ் தட்டப் பழக்குவதைவிட இதைக் கற்றுக்கொடுங்கள். சில வாரங்களில் கை பழகிவிடும்.

● தொலைபேசியில் * குறியும் # குறியும் சேர்ந்தது 1968-இல், அமெரிக்காவில். முதலாவதற்குத் தமிழில் உடுக்குறி என்று அழகான பெயர் உண்டு. உடு என்றால் விண்மீன்.

● மின்னஞ்சல் முகவரியில் @ குறியை முதலில் வைத்தவர் ரே டாம்லின்சன், 1971-இல். இத்தாலியர் அதை நத்தை என்கிறார்கள், டச்சுக்காரர்கள் குரங்கு வால் என்கிறார்கள். நாம் ‘அட்’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம். நல்ல பெயர் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.

● பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் உணர்ச்சிக்குறிக்குத் தனி விசை கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியை ஒருமுறை தட்டி, ஓரிடம் பின்னுக்கு நகர்த்தி, அதன் கீழே முற்றுப்புள்ளியைத் தட்டுவார்கள். ஒரு வியப்புக்கு மூன்று தட்டு.