நானூறு பவுனுக்குள் ஒரு ராஜரதம்

போத்தனூர் என்றதும் ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். 1862-ல் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இருப்புப் பாதை இவ்வூர் வழியாகவே சென்றது. ஆனால் இங்கிருந்து செட்டிபாளையம் சாலையில் சற்றுத் தூரம் போனால் வேறொரு சத்தம் காதைத் துளைக்கும். அதுதான் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் பந்தயத் தளம். இத்தளத்தின் கதையைச் சொல்வதற்கு முன் நேயர்களைச் சற்று லண்டனுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

1935-ம் வருஷம். லண்டன் மேஃபேர் ஹோட்டலில் ஒரு விருந்து. நீண்ட முகமும் தாழ்ந்த கூரையும் கொண்ட அழகிய மோட்டார் ஒன்று அங்கே நின்றது. பெயர், எஸ்.எஸ். ஜாகுவார். "இதன் விலை என்ன இருக்கும்?" என்று விருந்தினரைக் கேட்டார்கள். அவர்கள் மதிப்பின் சராசரி 600 பவுனைத் தாண்டியது. உண்மை விலையோ 400 பவுனுக்கும் குறைவு! சபை பிரமித்துப் போயிற்று.

இந்த அதிசயத்தைச் செய்தவர் வில்லியம் லயன்ஸ். 1922-ல் பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளுக்குச் சைடுகார் செய்யத் தொடங்கியவர். அவர் செய்த யுக்தி இதுதான்: சாதாரணக் குடும்ப வண்டிகளைச் செய்துவந்த ஸ்டாண்டர்டு கம்பெனியிடம் எஞ்சினை வாங்கினார். வால்வுகளை சிலிண்டருக்கு மேலே அமைத்து அதைத் திருத்தியதும், அதன் பலம் நூறு குதிரைச் சக்தியைத் தாண்டியது. வண்டியின் உருவத்தைத் தாமே வகுத்தார். எளியவன் எஞ்சின் சீமான் வண்டியில் ஓடிற்று!

இதே வித்தையைக் கோயமுத்தூரிலும் ஒருவர் செய்தார். அவர்தான் எஸ். கரிவரதன். ஊரெல்லாம் ஓடிய மாருதி 800 காரின் எஞ்சினை வைத்தே, 1980-களின் பிற்பகுதியில் 'ஃபார்முலா மாருதி' பந்தய வண்டியைப் படைத்தார். சீமான்களின் விளையாட்டு நம் பிள்ளைகளுக்கும் எட்டியது.

1995-ல் விமான விபத்தில் கரிவரதன் காலமானார். பின்னால் நடந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2001-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தளத்தில் ஃபார்முலா ஒன் வண்டி ஒன்றைச் சோதனையாக ஓட்டினார். அந்த வண்டியின் பெயரும் ஜாகுவார்தான்! 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரும் அவரே. 2008-ல் ஜாகுவார் கம்பெனியையே நம் நாட்டு டாடா நிறுவனம் வாங்கிவிட்டது.

அதில் நமக்குப் பெருமைதான். ஆயினும் வாங்குவது பணத்தின் காரியம். செய்வது கையின் காரியம். செட்டிபாளையத்துத் தளம் தாங்கி நிற்பது, செய்த மனிதரின் பெயரையே.