உழாமல் விதைக்கும் கருவி: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை பெரும்பாலும் அக்டோபரில் நடைபெறுகிறது. அடுத்த பயிரான கோதுமையை நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைப்பது நல்லது. அதற்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலைக் குறைக்கும். பலமுறை உழுது பண்படுத்த நேரமில்லாத இக்குறுகிய இடைவெளியில் கைகொடுப்பது உழவில்லா விதைப்புக் கருவி. இதற்குக் கடன் கோரி வரும் உழவர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதன்று. ஆண்டில் எத்தனை நாள் இக்கருவி ஓடும் என்பதே.

நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் புல்விதை ஊன்றுவதற்காக உருவான கொழுவே இதன் மூலம். தலைகீழான ஆங்கில ‘டி’ எழுத்தைப் போன்ற அதன் வடிவம், மேலே குறுகியும் அடியில் விரிந்தும் அமைந்த சாலைக் கீறுகிறது. அதனால் விதையைச் சுற்றி ஈரம் காக்கப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் இக்கொழுவைக் கொண்டு இந்திய விதைப்புக் கருவியை வடிவமைத்தது.

தேர்வு செய்யும்போது

ஒன்பது கொழுக்கள் கொண்ட கருவிக்கு ஏறத்தாழ 35 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர் வேண்டும். அறுவடை இயந்திரம் உதிர்த்த வைக்கோல் வயலில் பரவிக் கிடந்தால், சாதாரணக் கருவியின் கொழுக்களில் அது சிக்கிக்கொள்ளும். அத்தகைய நிலத்துக்கு வைக்கோலை வெட்டி ஒதுக்கியவாறே விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ பொருந்தும். அதற்கு இன்னும் ஆற்றல் மிக்க டிராக்டர் தேவை. ஆகவே, தங்கள் டிராக்டரையும் வயலின் நிலையையும் கருதிய பின்னரே விலைப்பட்டியலைப் பெறுக. கொழுவின் முனை தேய்மானத்தைத் தாங்கும் கடின உலோகத்தால் ஆனதா, உதிரிபாகங்கள் அருகிலேயே கிடைக்குமா என்பவற்றையும் உறுதி செய்க.

ஒன்பது வரிசைக் கருவி மணிக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் விதைக்கும். பத்து ஏக்கர் உடையவருக்கு அது ஒன்றரை நாள் வேலையே. எஞ்சிய நாள்களில் அண்டை நிலங்களுக்கு வாடகைக்கு விட இயலாதெனில், தவணை சுமையாகும். அந்நிலையில் வாடகைக்கு எடுப்பதோ, சிலர் கூடி வாங்குவதோ அறிவுடைமை. கடன் பெறாமல் திரும்பிச் செல்வதும் சில வேளைகளில் நல்ல முடிவே.

விதைப்புக்கு முன்

விதைப்பில் நேரும் பிழை, முளை வெளிவரும்போதுதான் தெரியும். அதற்குள் பருவம் கடந்துவிடும். எனவே விதை அளவை முன்னரே சரிபார்க்க வேண்டும். வரிசைகளுக்கிடையே 20 செ.மீ. எனில், ஒன்பது வரிசைகளின் அகலம் 1.8 மீட்டர். தரைச் சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டராயின், 20 சுற்றில் 54 சதுர மீட்டர் விதைக்கப்படும். ஏக்கருக்கு 40 கிலோ என்னும் கணக்கில், அந்த 20 சுற்றுகளில் ஏறத்தாழ 534 கிராம் விதை விழ வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் பை கட்டித் தனித்தனியே எடையிட்டால், அடைபட்ட குழாயும் வெளிப்பட்டுவிடும். விதைக்கும் ஆழம் 5 செ.மீ. அளவில் இருத்தல் நன்று.

விதைப்பின்போதும் பின்னும்

கொழு மண்ணில் இருக்கும்போது டிராக்டரைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது. மண் புகுந்து குழாய் அடைபடும். வளைவுகளில் கருவியை உயர்த்திய பிறகே திருப்புக.

உரப்பெட்டியே இக்கருவியின் நலிந்த இடம். உரம் ஈரத்தை உறிஞ்சி இறுகும், இரும்பையும் அரிக்கும். அன்றன்றைய வேலை முடிந்ததும் எஞ்சிய உரத்தை அகற்றிப் பெட்டியைத் துடைத்து வைக்க வேண்டும். பருவம் முடிந்தபின் கழுவி உலர்த்தி, சங்கிலிக்கும் பற்சக்கரங்களுக்கும் எண்ணெயிட்டு, கூரையின்கீழ் நிறுத்துக. தேய்ந்த கொழுக்களை அடுத்த அக்டோபர் வரை காத்திராமல் அப்போதே மாற்றுக.

கருவி ஓடுவது சில வாரங்களே. ஓய்ந்து நிற்பது பல மாதங்கள். அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை அந்த ஓய்வுக் காலப் பராமரிப்பே முடிவு செய்கிறது. தவணைகளோ அதற்காகக் காத்திருப்பதில்லை. கடன் கோரி வரும்போது, எத்தனை ஏக்கருக்கு இக்கருவி பயன்படும் என்ற கணக்கையும் உடன் கொண்டு வாருங்கள். அறுவடை வருவாய்க்கு ஏற்பத் தவணைக் காலத்தை அமைப்பது குறித்து நாம் கலந்து பேசலாம்.