இமைக்கும் காவல் வேண்டும்

‘கண்ணை இமை காப்பது போல’ என்று பேச்சிலும் கட்டுரையிலும் உவமை சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்த இமைக்கே ஒரு கேடு வந்தால் என்ன செய்வது என்று சென்ற ஆண்டு வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் விருத்தாசலம் வந்து விலங்கியல் பயில்பவன் நான். என் தாயாரும் அதே பேருந்தில் வந்து பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். அச்சில் வார்த்துக் காய்ந்த பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுப்பது அவர் வேலை. மாலையில் அவருடைய புருவமும் இமைமயிரும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். “அம்மா கிழவியாயிட்டேன் பாரு” என்று சிரிப்பார். அவருக்குக் கண் அரிப்பு பல ஆண்டுகளாக உண்டு. மண் தூசியும் சூளையின் அனலும்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டி விட்டுவிட்டோம். பட்டறைப் பக்கமே போகாத எனக்கும் அதே அரிப்பு வந்தபோதுதான் அந்த முடிவு ஆட்டம் கண்டது.

காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இமைமயிரின் அடியில் பொடுகு போல் செதிள் உதிரும். புத்தகத்தை விரித்து அரை மணி நேரம் ஆனால் மணல் விழுந்தது போல உறுத்தும். பிறகு நீராக வழியும். “மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது, தள்ளி உட்கார்” என்றார்கள் வகுப்பில். ஆனால் மெட்ராஸ் ஐ ஒட்டிப் பரவுவது. பெரும்பாலும் இரண்டொரு வாரங்களில் தீர்ந்துவிடும். எனக்கோ மாதக்கணக்கில் நீடித்தது.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். நண்பர் ஒருவர் தமக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டைத் தந்தார். அதைக் காட்டி மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது! எவ்வளவு மகிழ்ச்சி! நிறுத்தினால் மீண்டும் அரிப்பு, விட்டால் அடங்கும். என் தாயாரும் அதே குப்பியிலிருந்து விட்டுக்கொண்டார். எனக்குத் தேர்வு வந்தது, மறந்துவிட்டேன். அவர் மட்டும் குப்பி தீரத் தீர வாங்கி ஐந்து மாதம் விட்டிருக்கிறார்.

விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகே இருவரும் கண் மருத்துவரிடம் போனோம். குப்பியைப் பார்த்ததும் அந்த அம்மையார், “தம்பி, இதை யார் கொடுக்கச் சொன்னது?” என்று கேட்டார். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. சிவப்பையும் அரிப்பையும் விரைவில் அடக்கும். ஆனால் நெடுநாள் விட்டால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றிவிடும், கண்புரையையும் உண்டாக்கும். உள்ளழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. என் தாயாருக்கு 32 இருந்தது. அது அப்படியே நீடித்தால் பார்வை நரம்பு மெல்ல அழியும். அழிந்த நரம்பு எந்த மருந்துக்கும் திரும்பி வராது என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நோய்க்கு வருவோம். இமையின் விளிம்பில், மயிருக்குச் சற்று உள்ளே, வரிசையாகச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. 1666ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் என்பாரின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவை கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுகின்றன. குளத்து நீர் வெயிலில் வற்றுவது போல் கண்ணீர் வற்றிவிடாமல் காப்பது இந்தப் படலமே. விளிம்பில் அழற்சி கண்டு சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் எண்ணெய் உறைகிறது, கண்ணீர் விரைவில் ஆவியாகிறது, கண் உறுத்துகிறது. உறுத்தல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி வெள்ளமாகக் கொட்டுகிறது. வறண்ட கண்ணில் நீர் வழியும் விந்தை இதுதான்! நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் நாம், புத்தகத்திலோ கைப்பேசியிலோ ஆழ்ந்துவிட்டால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. மாலைப் படிப்பில் எனக்கு எரிச்சல் மிகுந்ததற்குக் காரணம் அதுவே. தூசியும் அனலும் இதை மிகுவிக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கள் இருவருக்கும் வேர் இமை விளிம்பில் இருந்தது.

விலங்கியல் மாணவன் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் என் இமைமயிரின் அடியில் குழாய் போலச் சுற்றியிருந்த செதிளைக் காட்டி, ‘டெமோடெக்ஸ்’ என்னும் சிற்றுயிர் இருக்கலாம் என்றார். அவர் பிடுங்கித் தந்த இரண்டு மயிர்களை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். எட்டுக் கால்கள், புழு போல நீண்ட உடல். சிலந்தியின் தூரத்து உறவு! நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். வயது வந்தவர் பலரிடமும் இது தொல்லையின்றி வாழ்கிறது, பெருகினால்தான் அரிப்பு. நண்பர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, அன்று முழுவதும் தங்கள் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட மருத்துவம் வியப்பளிக்கும் அளவுக்கு எளியது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அதில் தூய துணியை நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒற்றடம். துணி விரைவில் ஆறிவிடும், மீண்டும் மீண்டும் நனைக்க வேண்டும். உறைந்த எண்ணெய் இளகியதும் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவிவிட்டு, கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் மயிரடியைத் துடைக்க வேண்டும். முதலில் நாளுக்கு இருமுறை, குறைந்தபின் ஒருமுறை. உறுத்தலுக்கு ஸ்டீராய்டு இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. தலைப் பொடுகு போல இது அடங்கும், ஆனால் விட்டால் திரும்பும். கண்மையைச் சில காலம் விலக்கச் சொன்னார். அது சுரப்பியின் வாயை அடைக்குமாம். பாட்டி சொன்ன நந்தியாவட்டைச் சாற்றையும் தாய்ப்பாலையும் கேட்டுப் பார்த்தேன். கிருமி சேரும், கண்ணுக்குள் வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தில் கூச்சம் ஆகியவை கண்டால் ஒற்றடத்தோடு நிற்காமல் அன்றே வர வேண்டும் என்றும் சொன்னார்.

சொல்வது எளிது. நான் முதல் வாரத்திலேயே சலித்துவிட்டேன். என் தாயார் சலிக்கவில்லை. விடியற்காலையில் உலை வைக்கும்போதே ஒரு சொம்பு வெந்நீர் எடுத்து வைத்து, “வாடா, கண்ணுக்கு நேரமாச்சு” என்று எழுப்புவார். துணி இருவருக்கும் தனித்தனி. பட்டறையில் அவர் இப்போது கண்ணாடி அணிகிறார். காய்ந்த பிசிறைச் சுரண்டுவதைக் குறைத்து, இயன்ற இடங்களில் ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கிறார். அதனால் பொம்மை எண்ணிக்கை சற்றுக் குறைகிறது, கூலியும்தான்.

அந்த மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து விட்டதில், ஆறு வாரத்தில் அவர் கண்ணழுத்தம் 19க்கு இறங்கியது. நரம்பில் சேதம் இதுவரை இல்லை என்றார்கள். வரும் மாதம் மீண்டும் அளக்க வேண்டும். அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு இல்லை. நான்தான் அவரை அழைத்துப் போகிறேன்.