உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் லைட்டா, வெள்ளை லைட்டா?

ஏற்காடு மலையில் வாழவந்திப் பக்கம் மார்கழியில் நாலு மணிக்கே பனி இறங்கிவிடும். சில்வர் ஓக் நிழலில் இருக்கிற வீடு என்றால் அதற்கும் முன்னாடியே சுவிட்சைத் தட்ட வேண்டும். “நல்ல பளிச்சுனு ஒண்ணு குடுங்க” என்று சேலத்தில் வாங்கி வந்த கூல் டே லைட்டை அங்கே மாட்டிப் பாருங்கள், கம்பளிக்குள்ளும் குளிரும். வெளிச்சத்துக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்? தெர்மாமீட்டரில் ஒன்றுமில்லை. மனசில் நிறைய.

* * *

பிலிப்ஸில் வேலை பார்த்த க்ராய்தோஃப் என்ற டச்சு விஞ்ஞானி 1941-லேயே இதற்கு ஒரு வரைபடம் போட்டார். வெளிச்சம் குறைவாக இருந்தால் மஞ்சள்தான் இதம், அதே குறைந்த வெளிச்சம் நீலவெள்ளையாக இருந்தால் மங்கலாகவும் குளிர்ந்தும் தெரியும் என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 5 வாட்ஸ் வெள்ளை பல்பைப் படுக்கையறையில் மாட்டிப் பார்த்தவருக்கு வரைபடமே தேவையில்லை.

* * *

அட்டைப்பெட்டியில் 3000 கே, 6500 கே என்று போட்டிருக்கும். எண் ஏற ஏற வெளிச்சம் கூடும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது நிறம் மட்டும்தான். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அப்புறம் வெளுக்கும். அந்தச் சூட்டுக் கணக்கு கெல்வின். ஆகவே கண்ணுக்குக் ‘குளிர்ச்சி’யான வெள்ளைக்குத்தான் சூடு அதிகம்! பழைய குண்டு பல்பு சுமார் 2700.

* * *

வெளிச்சத்தின் அளவு வாட்ஸ் அல்ல, லூமன். அரசின் ‘ஒரு விளக்கு’த் திட்டத்தில் குடிசைக்குக் கிடைத்த 40 வாட்ஸ் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 400 லூமன். இன்றைய 9 வாட்ஸ் எல்.இ.டி. 900 தருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது 11 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 150 லூமன் என்று வைத்தால் 1,650. சுவரும் கூரையும் கொஞ்சம் விழுங்கும், ஆகவே 2,000-க்குப் பார்த்து வாங்கலாம். பழைய மலை வீடுகளில் மேலே மரப்பலகை இருந்தால் அது விழுங்குவது இன்னும் அதிகம். படுக்கையறைக்குப் பாதி போதும். சமையலறைக்கோ நடுக்கூரையில் எவ்வளவு பெரிய பேனல் போட்டாலும், மேடைக்கு முன்னால் நின்றதும் நம் நிழலே வெங்காயத்தின் மேல் விழும். அலமாரிக்கு அடியில் தனியாக ஒரு சின்ன லைட் போடுவதுதான் வழி.

* * *

இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. பாட்டி அறையில் ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டும் வீடுகள் கவனிக்க.

* * *

அணைத்து வைத்த பேனல் லைட்டின் பால்வெள்ளை மூடியைக் கழற்றினால் உள்ளே வரிசையாக மஞ்சள் பொட்டுகள். வெள்ளை ஒளி தருவதற்கு எதற்கு மஞ்சள்? உள்ளே இருக்கும் சில்லு உமிழ்வது நீலம். மேலே பூசிய மஞ்சள் பூச்சு அதில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக்குகிறது. இரண்டும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீலச் சில்லுக்காகத்தான் ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல். அதே நீலம்தான் ராத்திரி பத்து மணிக்கும் மூளைக்குப் ‘பகல்’ என்று சொல்லித் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது.

* * *

எல்.இ.டி.க்கு எமன் சூடு. பின்பக்கம் அலுமினியம் வைப்பது அதை வெளியேற்றத்தான்.  மலைக்குளிரில் பல்பின் ஆயுளும் கூடும். ஆனால் காற்றுப் புகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் போட்டு மூடினால் அந்த லாபம் போச்சு.

* * *

மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்பது மலைப்பாதையில் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வாசலுக்கு மஞ்சள் வாங்க வேறு காரணம் இருக்கிறது. பூச்சிகளின் கண்ணுக்கு நீலம்தான் இழுப்பு. மஞ்சள் போட்டால் ரசத்தில் விட்டில் நீந்துவது குறையும்.