கைக் கரப்பானின் கடுமையும் நெடுங்காலப் போக்கும்: பிள்ளைச்சாவடிக் கடற்கரைத் தொழில்களை முன்வைத்து

முன்னுரை

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவச் சிற்றூர் பிள்ளைச்சாவடி. கடலரிப்பால் கரையை இழந்துவரும் ஊராகவே இது பெரிதும் பேசப்படுகிறது. இத்தகைய ஊர்களில் பெண்கள் மேற்கொள்ளும் மீன் கழுவுதல், அறுத்தல், பனிக்கட்டியில் அடுக்குதல், கருவாட்டுக்கு உப்பிடுதல் ஆகியன ஈரத்தொழில்கள். ஈரத்தொழில் கைக் கரப்பானுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இந்நோயின் கடுமை எவ்வாறு அளக்கப்படுகிறது, அதன் போக்கை எவை தீர்மானிக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் இயல்பு

‘கரப்பான்’ என்னும் சொல் வழக்கில் பல தோல் நோய்களைக் குறிக்கும். இங்கு அது எக்சிமா எனப்படும் அழற்சியை மட்டும் சுட்டுகிறது. இது பிறருக்குத் தொற்றுவதில்லை. நீரும் சோப்பும் தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்பை அகற்றுவதால் அதன் காப்பரண் குலைகிறது; எரிச்சலூட்டும் பொருள்கள் எளிதில் உட்புகுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு மேல் கைகள் நனைந்திருப்பதைச் செருமானியத் தொழிற்பாதுகாப்பு விதிகள் ஈரத்தொழில் என வரையறுக்கின்றன. மீனின் புரதமே சிலருக்கு அழற்சியைத் தூண்டும் என்பது 1976இல் டென்மார்க்கு மருத்துவர்களால் விளக்கப்பட்டது.

கடுமையை அளத்தல்

3 மாதங்களுக்கு மேல் நீடிப்பதும், தக்க மருத்துவத்திற்குப் பின்னும் ஆண்டுக்கு இருமுறையேனும் மீள்வதும் நாட்பட்ட கைக் கரப்பான் எனப்படும். 2005இல் வெளியான கடுமைக் குறியீடு கையை விரல்நுனி, விரல், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு என ஐந்தாகப் பகுக்கிறது. சிவத்தல், தடித்தல், நீர்க்கொப்புளம், வெடிப்பு, செதில், வீக்கம் ஆகிய ஆறும் ஒவ்வொரு பகுதியிலும் 0 முதல் 3 வரை மதிப்பிடப்படுகின்றன. அக்கூட்டுத்தொகை, நோய் பரவிய அளவுக்குரிய 0 முதல் 4 வரையிலான எண்ணால் பெருக்கப்படுகிறது. ஐந்து பகுதிகளின் கூட்டுத்தொகை 360 வரை செல்லும்.

இக்குறியீடு கண்ணுக்குப் புலப்படும் குறிகளையே அளக்கிறது. வலியையும் அரிப்பையும் அளப்பதில்லை. விரல்நுனியில் ஆழ்ந்த ஒரு வெடிப்பு குறைந்த மதிப்பெண்ணே பெறும். ஆயினும் உப்புநீரில் கை வைக்க இயலாத பெண்ணுக்கு அது அன்றைய வருவாயின் இழப்பாகும்.

நெடுங்காலப் போக்கு

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1983இல் கண்டறியப்பட்ட நோயாளிகள் 15 ஆண்டுகளுக்குப் பின் மீளாய்வு செய்யப்பட்டனர். அவர்களுள் 44 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டிலும் நோய்க்குறிகள் இருந்ததாகக் கூறினர். தொடக்கத்தில் நோய் பரவியிருந்த அளவே பின்னைய போக்கைப் பெரிதும் தீர்மானித்தது. குழந்தைப் பருவக் கரப்பானும், 20 வயதுக்கு முன் கைநோய் தோன்றுதலும் அடுத்த காரணிகள். எனவே நோய் பரவுமுன் மருத்துவம் நாடுவது இன்றியமையாதது.

காப்பு வழிகள்

அரணைக் காத்தலே மருத்துவத்தின் அடிப்படை. மணமற்ற களிம்பை வேலைக்குப் பின்னும் உறங்குமுன்னும் பூசுதல், நீர்புகாக் கையுறையினுள் பருத்திக் கையுறை அணிதல் ஆகியன பயன்தரும். ஈரமான கையுறை தீங்கையே கூட்டும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் குறித்த காலம் வரையே பயன்படுத்த வேண்டும். ஒரு கையில் மட்டும் செதில் தோன்றின் அது பூஞ்சைப் படையாகவும் இருக்கலாம். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் படை உருமாறிப் பரவும். புண் ஆறிய பின்னும் தோலின் அரண் முழுமையாக மீளப் பல மாதங்கள் ஆகும். அக்காலத்திலும் காப்பு தொடர வேண்டும்.

முடிவுரை

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் தோல் நோய்களுக்கும் இடமளித்தது. எனினும் முதலாளி இன்றித் தாமே மீன் விற்கும் பெண்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. தொழிலை விடுதல் அவர்களுக்கு எளிய தீர்வன்று. எனவே மீன் இறங்குதளத்தில் நன்னீர், உலர்ந்த கையுறை, தொடக்க நிலையிலேயே தோல் பரிசோதனை ஆகியன கிடைக்கச் செய்வதே அவர்தம் கைகளையும் வாழ்வாதாரத்தையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.