ஜவ்வு உருகும் நேரம்

மாட்டுக்கறியை அடுப்பில் ஏற்றி அரை மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். ஏற்றியபோது இருந்ததைவிட இப்போது அது விறைத்துப்போயிருக்கும். புதிதாகச் சமைக்க வந்தவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோய்த் தீயைக் கூட்டுவார்கள், அல்லது கறிக்கடைக்காரரைத் திட்டுவார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர் இரண்டும் செய்யமாட்டார். "இப்பத்தான் கறி முறுக்குது, மூடியப் போடு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவார். குழம்பை ஆணம் என்று சொல்லும் அந்த ஊரில், கறி ஆணத்துக்கு அவசரப்படுகிறவரை யாரும் மதிப்பதில்லை.

அவர் சொல்லும் முறுக்கல் சரியான சொல்தான். இறைச்சி என்பது நீரைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய தசை இழைகளின் கட்டு. சூடு 50 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இழைகளில் உள்ள புரதங்கள் உறையத் தொடங்குகின்றன. 60-ஐத் தாண்டியதும் இழைகளைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. கறி "தண்ணி விடும்" என்கிறோமே, அது இதுதான். துண்டு சிறுத்து ரப்பராகிறது.

சுருங்குகிற அந்த உறையும், துண்டுக்கு நடுவே வெள்ளையாக ஓடும் ஜவ்வும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு. பல்லால் அதை அறுக்க முடியாது. ஆனால் 70 டிகிரிக்கு மேல், தண்ணீரோடு, நெடுநேரம் வைத்தால் அந்த முப்புரி மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. கட்டியிருந்த கயிறு போனதும் இழைகள் தானாகப் பிரிகின்றன. இழைகளுக்குள் நீர் குறைவாக இருந்தாலும் அவற்றுக்கிடையே ஜெலட்டின் வழவழப்பாக நிறைந்திருப்பதால் கறி பஞ்சாகத் தெரிகிறது. முதல் அரை மணி நேரத்தில் நடப்பது சுருக்கம், அடுத்த இரண்டரை மணி நேரத்தில் நடப்பது கரைதல். இரண்டுக்கும் நடுவில் அடுப்பை அணைத்தால்தான் கறி கெட்டது.

இந்தக் கடற்கரையில் ஏன் இவ்வளவு பொறுமை தேவைப்படுகிறது என்பதற்குச் சட்டப் புத்தகத்திலும் விடை இருக்கிறது. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958-இல் வந்தது. பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது நிரந்தரமாக முடங்கிப்போன மாடு என்று சான்று பெற்றால்தான் அறுக்கலாம் என்பது அதன் விதி. பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976-இல் அரசாணை தடை விதித்தது. ஆக, சட்டப்படி கடைக்கு வருவது உழைத்து ஓய்ந்த உடம்பு. வயது ஏற ஏறக் கொலாஜன் கயிறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் முதிர்ந்து இறுகுகின்றன. இளங்கன்றின் ஜவ்வு சீக்கிரம் கரையும், வானம் பார்த்த பூமியில் ஏர் இழுத்த காளையின் ஜவ்வு அப்படிக் கரையாது. மேலைநாடுகளில் மாட்டிறைச்சியைக் குளிரில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு, அதிலேயே உள்ள நொதிகள் இழைகளை இளக்கும்வரை காத்திருப்பார்கள். இங்கே விடியலில் அறுத்தது மதியத்துக்குள் சட்டியில். அங்கே குளிரறை செய்யும் வேலையில் பாதியை இங்கே அடுப்பு செய்தாக வேண்டும்.

அதனால்தான் கடையில் போய் "தனிக்கறியாப் போடுங்க" என்று கேட்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எலும்பில்லாத, ஜவ்வில்லாத, கொழுப்பில்லாத முதுகுக்கறியை மூன்று மணி நேரம் வேகவைத்தால் கரைய ஒன்றுமே இல்லாமல் நார்நாராக உலர்ந்துபோகும். கேட்க வேண்டியது முன்னங்கால், நெஞ்சு, நுகத்தடி அழுத்திய கழுத்து, வால். அதிகம் உழைத்த தசையில்தான் ஜவ்வும் அதிகம். கடைக்காரர் கழித்துப்போடுகிற மூட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

இப்படி மூடிவைத்துக் கொஞ்சம் நீரில் நெடுநேரம் வேகவைப்பதற்கு ஐரோப்பியச் சமையலில் பிரெய்ஸ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தணல். கனத்த பாத்திரத்தைத் தணலில் வைத்து, மூடிமேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். நம் பிரியாணிக்காரர் தம் போடுவதும் அப்படித்தான். தணலுக்கு இராமநாதபுரத்தில் பஞ்சமில்லை. கண்மாய்களையெல்லாம் தின்றுவிட்ட சீமைக்கருவேலம் இந்த மாவட்டத்தின் சாபம் என்று சொல்லிக்கொண்டே அதைக் கரியாக்கி லாரி லாரியாக அனுப்புகிறோம். அடர்த்தியான மரம் அது. பனைமட்டைபோலக் குபீரென்று எரிந்து அடங்காது, தணல் நெடுநேரம் நின்று கனலும். சட்டிக்குள் 85, 90 டிகிரியில் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழுகிற நிலைக்கு இதைவிடத் தோதான எரிபொருள் கிடைப்பது கடினம். தளதளவென்று கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டப்போவதில்லை. ஜவ்வு கொஞ்சம் விரைவாகக் கரையும், ஆனால் இழைகள் கூடுதலாகப் பிழியப்பட்டுத் துண்டு உடையும்.

நூறைத் தாண்ட வேண்டுமென்றால் குக்கர். டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் இறுக்கமாக மூடிய ஒரு பாத்திரத்தைச் செய்தார். நீராவி வெளியேறாததால் உள்ளே அழுத்தம் கூடும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் மேலே போகும். அவர் அதைச் செய்ததே எலும்பை மெத்தென்றாக்கத்தான். 1682-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தும் வைத்தார். இன்று நம் வீட்டுக் குக்கரில் சூடு சுமார் 120 டிகிரிவரை போகும், மூன்று மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். விசில் எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுவதில் பொருளில்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்தால் போதும். குக்கரைச் சட்டென்று திறந்துவிட்டால் துண்டுகளுக்குள் இருக்கும் நீரும் கொதித்து ஆவியாகப் போய்விடும்.

வீட்டில் நான் செய்வது இப்படி. எலும்போடு ஒரு கிலோ முன்னங்கால் கறி, இரண்டு விரற்கடை அகலத்துக்குக் குறையாத துண்டுகள். சின்னதாக நறுக்கினால் சீக்கிரம் வேகும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி, ஜவ்வு கரையும் நேரம் அதனால் பெரிதாகக் குறையாது. உப்பும் மஞ்சளும் தடவி அரை மணி நேரம் ஊறட்டும். கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பட்டை, கிராம்பு, ஏலத்தோடு எண்ணெயில் பொன்னிறமாக்கிக் கொள்கிறேன். கறியை நிறம் மாற வறுத்துவிட்டு நீர் ஊற்றுவது பிரெஞ்சு வழக்கம். வறுத்த வாசனை பிறக்க ஈரமில்லாத, 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நம் கறி போட்டவுடன் தண்ணீர் விடுவதால் அந்த வாசனையை வெங்காயத்திடம் முதலிலேயே வாங்கிக்கொள்கிறோம். பிறகு இஞ்சி, பூண்டு, இரண்டு தக்காளி, மல்லித்தூள், ஊறவைத்து அரைத்த குண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய்தான். கறியைப் போட்டுப் பிரட்டி, துண்டுகள் முக்கால் முழுகும் அளவுக்கு வெந்நீர், மூடி, சிறு தீ. ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு.

அரைமூடித் தேங்காய்ப் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். எண்ணெயும் நீரும் புரதத்தின் துணையோடு சேர்ந்திருப்பதுதான் தேங்காய்ப்பால். நெடுநேரம் கொதித்தால் புரதம் திரிந்து எண்ணெய் தனியே பிரிந்துவிடும். நுரைகட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும்.

பப்பாளிக்காய் போடலாமே என்பார்கள். அதிலுள்ள நொதி புரதத்தை வெட்டுவது உண்மை. ஆனால் அது துண்டின் உள்ளே ஆழமாகப் போகாது, கொதிநிலையில் செயலிழந்தும் விடும். கூடுதலாகத் தடவி நெடுநேரம் ஊறவைத்தால் மேல்புறம் மட்டும் கூழாகும். நேரம் இருக்கிற நாளில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

இந்தக் கறியிலேயே தக்கடி போடுவதும் உண்டு. வறுத்த அரிசிமாவைத் தேங்காய்த் துருவலோடு பிசைந்து கையில் அழுத்திய உருண்டைகளைக் கொதிக்கும் ஆணத்தில் விடுவார்கள். மாவு கொஞ்சம் கரைந்து ஆணத்தைத் திரட்டும், ஆணத்தின் சாரம் உருண்டைக்குள் இறங்கும். அதற்குப் பக்கத்தில் வேறெதுவும் வேண்டாம்.

ஆறு பேர் சாப்பிட்டாலும் எப்படியோ கொஞ்சம் மீதி வரும். அதைத் தேங்காய்ப்பால் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் இரவு முழுக்க வெளியே கிடந்தால் காலையில் அது கறியாக இருக்காது. குளிரில் வைத்த பாத்திரத்தைக் காலையில் சாய்த்துப் பாருங்கள், ஆணம் அசையாது. முந்திய நாள் கரைந்த ஜவ்வெல்லாம் மறுபடி வலைபோலப் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து நிறுத்தியிருக்கும். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தால் உடம்புச் சூட்டுக்கே உருகி உதட்டில் ஒட்டும். கொதிக்கவைத்துத் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவதற்குள் இடியாப்பத் தட்டு வெந்திருக்கும்.