நீரிழிவு மருந்தும் சிறுநீரகமும்

'நாள்தோறும் மாத்திரை உண்டால் சிறுநீரகம் கெட்டுவிடும்' என்றோர் அச்சம் நீரிழிவு நோயாளரிடையே பரவியுள்ளது. இதனால் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். உண்மை யாதெனில், சிறுநீரகத்தைப் பெரிதும் கெடுப்பது மருந்தன்று. கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதனுடன் சேரும் இரத்த அழுத்தமுமே ஆகும். ஆயினும், சிறுநீரகம் தளர்ந்தபின் பழைய அளவிலேயே மருந்துண்பது தீங்காய் முடியும்.

மெட்பார்மின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இது சிதைவுறாமல் சிறுநீரின் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் நலிந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கும். லாக்டிக் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இஃது அரிது, எனினும் கொடியது. இதே இனத்தைச் சார்ந்த பென்பார்மின், இவ்வாபத்தின் பொருட்டே 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. சிறுநீரகம் நிமிஷந்தோறும் வடிகட்டும் அளவை இரத்தப் பரிசோதனையால் மதிப்பிடலாம். அது 45 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் மெட்பார்மினைக் குறைப்பது வழக்கம். 30-க்குக் கீழே சென்றால் நிறுத்திவிடுவர்.

கிளிபென்கிளமைடும் இன்சுலினும் வேறு வகையின. சிறுநீரகம் தளர்ந்தால் இவற்றின் வேகம் உடலில் நெடுநேரம் நிற்கும். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். குறைந்த மருந்திலேயே சர்க்கரை தாழ்வது கண்டு, நோய் தீர்ந்ததென மகிழ்தல் கூடாது; அது சிறுநீரகம் சோர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

டாபாகிளிப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவன. தொடக்கத்தில் வடிகட்டும் அளவு சற்றுக் குறைந்து காணப்படும். ஆயின், நாளடைவில் இவை சிறுநீரகத்தைக் காப்பன என்பதை 2019, 2020-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின.

நம் அங்கத்தினர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில:

வாந்தி, பேதி, கடுஞ்சுரம் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றினால், மெட்பார்மினையும் புதிய மருந்துகளையும் சில நாட்கள் நிறுத்த நேரலாம். அன்றே மருத்துவரைக் கேட்டறிக. இன்சுலினை மட்டும் தாமாக நிறுத்தலாகாது.

தறிக்குழியில் அமர்ந்து இடுப்பு வலித்தாலும், வயல் வேலையால் மூட்டு வலித்தாலும், கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குதல் தகாது. சிறுநீரகத்தை நேரே தாக்கவல்லவை அவற்றுள் பல.

ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் சோதித்துக்கொள்க. சிறுநீரக நோய் தொடக்கத்தில் வலி தருவதன்று. சோதனையன்றி அதனை அறிய இயலாது. அச்சத்தால் மருந்தை விடுவதும், சோதனையின்றி மருந்தைத் தொடர்வதும் ஆகிய இரண்டுமே தவறு.